விரலுக்குப் பழகிய புரோகிராம்

திருகோணமலையில் கலியாண வீடியோ வெட்டுகிறவர்கள் இரண்டு பேர் சந்தித்தால், சுகம் விசாரிப்பதற்கு முன்னமே வருகிற கேள்வி, "இப்ப எதில வெட்டுறீங்கள்?" என்பதுதான். எந்தப் புரோகிராமில் என்று அர்த்தம். ஒருவர் பழையதை விட்டுப் புதியதற்கு மாறிவிட்டார் என்று தெரிந்தால் அன்றைக்கு வேறு கதை இல்லை. மாறியதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பழையது அடிக்கடி நின்றுபோகிறது, புதியதில் நிறம் திருத்துவது சுகம், களவுப் பிரதி போட்டால் வைரஸ் வருகிறது, வெளிநாட்டில் எல்லாரும் இப்போது இதைத்தான் பாவிக்கிறார்கள். இதெல்லாம் பொய் இல்லை. ஆனால் பத்து வருடம் ஒன்றோடு மாரடித்த ஆள் வெறும் நிறத்துக்காக மாறினார் என்றால் நான் நம்பமாட்டேன். என்னைக் கேட்டவர்களுக்கு நானும், "அது ஒரே நிண்டு நிண்டு போகுது" என்றுதான் சொல்லிவந்தேன்.

கமரா பிடிப்பது என் கணவர். வெட்டி ஒட்டுவது நான். உட்துறைமுகத்துக்குப் பக்கத்து ஒழுங்கையில் எங்கள் வீடு. முன்னறையில் ஒரு மேசை, ஒரு கதிரை, உப்புக்காற்றில் துருப்பிடித்த ஒரு மின்விசிறி. ஆட்கள் வந்தால் அவரைத்தான் 'வீடியோக்காரர்' என்று கூப்பிடுவார்கள். நான் தேத்தண்ணி கொண்டுவருகிற ஆள். மூன்று மணித்தியாலப் படத்தில் யார் முகம் வரவேண்டும், யார் முகம் வரக்கூடாது என்று தீர்மானிப்பது தேத்தண்ணி கொண்டுவருகிற இந்தக் கைதான் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்கு அதில் கொஞ்சம் கோபமும் உண்டு, கொஞ்சம் கெப்பரும் பெருமையும் உண்டு.

பழைய புரோகிராமை நான் யாரிடமும் படிக்கவில்லை. தட்டித் தட்டிப் பழகினேன். வெட்டுவதற்கு ஒரு விசை, வெட்டியதை எடுத்துவிட்டு இடைவெளியை மூடுவதற்கு இன்னொரு விசை. இரண்டும் இடது கையில் பக்கத்துப் பக்கத்து விரல்கள். சில வருடம் போனபிறகு விசையைப் பார்க்கவேண்டிய தேவையே இல்லை. சோற்றைப் பிசைகிறபோது விரலைப் பார்க்கிறோமா? அப்படித்தான். கண் பார்க்கும், விரல் வெட்டும், நடுவில் நான் தேவைப்படவில்லை. ஒரு கலியாணத்தை மூன்று நாளில் முடித்துவிடுவேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது.

எதை வெட்டுவது என்பதும் விரலுக்குத் தெரியும். தொடக்கத்தில் ஒரு மாப்பிள்ளையின் சித்தப்பா என் கதிரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தாலி கட்டி முடிந்து அறுகரிசி போடுகிற இடத்தில், "பிள்ளை, அந்த மனிசியை எடுத்துவிடுங்கோ. முன்னுக்கு நிக்கிறா" என்றார். அறுகம்புல்லும் அரிசியும் சேர்த்து மணமக்களின் தலையில் தூவி வாழ்த்துவதுதான் அறுகரிசி. அதைக் கணவன் மனைவியாகச் சோடி சோடியாய் வந்துதான் போடுவார்கள். அவர் எடுக்கச் சொன்ன பெண்மணி புருசன் இல்லாதவர். மணவறைக்கு ஏறவும் இல்லை, பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தார், அவ்வளவுதான். நான் எடுத்துவிட்டேன். அடுத்த கலியாணத்தில் இன்னொருவர் அதையே சொன்னார். அதற்குப் பிறகு யாராவது சொல்லும்வரை நான் காத்திருக்கவில்லை. பொட்டில்லாத நெற்றி ஒன்று மணவறைக்குக் கிட்ட வந்தால் விரல் தானாக விசையில் போய் விழும்.

எங்கள் பக்கத்தில் அப்படி நெற்றியோடு இருப்பவர்கள் ஒருவர் இருவர் இல்லை. சண்டையில் போன புருசன்மார், கடல் எடுத்த புருசன்மார், கூட்டிக்கொண்டுபோன பிறகு திரும்பிவராத புருசன்மார். எந்தக் கலியாண வீட்டிலும் பின்வரிசையில் நாலைந்து பேர் இருப்பார்கள். சமையலுக்கு முதல் வருகிறவர்களும் அவர்கள்தான், கடைசியாகப் போகிறவர்களும் அவர்கள்தான். குசினிப் பக்கம் எடுத்த படங்களில் அவர்களை விட்டுவைப்பேன். அதில் எனக்கு நான் நல்லவள் என்றுகூட ஒரு நினைப்பு இருந்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

திரியாய்க் கிராமத்துப் பெண் ஒருத்தியின் கலியாணம் நகரத்தில் ஒரு கோயில் மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளை ஒஸ்ரேலியாவில் வேலை. பெண்ணுக்குத் தகப்பன் இல்லை. சின்ன வயதிலேயே இல்லை. தாய்தான் வயலிலும் நின்று, வீட்டு வாசலில் ஒரு சின்னக் கடையும் போட்டு வளர்த்தவர். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல், நான் போகவில்லை. கணவர் மட்டும் போய் எடுத்துக்கொண்டு வந்தார். வந்தவர் கமராவை மேசையில் வைத்துவிட்டு, "இண்டைக்கு எடுத்தது நல்லா வந்திருக்கு" என்றார். அவர் ஒவ்வொரு கலியாணத்துக்கும் அப்படித்தான் சொல்லுவார். நான் காதில் வாங்கவில்லை.

நான் சடங்குகளை வெட்டும்போது கமராச் சத்தத்தை மூடிவிடுவேன். மண்டபத்துச் சத்தம் என்றால் பிள்ளைகளின் கத்தலும், கதிரை இழுபடுகிற சத்தமும், மைக்கின் கூச்சலும்தான். அதற்குப் பதிலாக ஒரு நாதஸ்வரப் பாட்டை அடியில் ஓடவிட்டு, அதற்கேற்றபடி வெட்டுவேன். எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம். அந்தப் பெண்ணின் கலியாணத்தையும் அப்படித்தான் வெட்டினேன். தாலி கட்டி முடிந்தது. பெண் பின்பக்கம் திரும்பினாள். கொஞ்ச நேரத்தில் வெளிறிய சேலை ஒன்று வந்தது. நெற்றியைக் கண்டேன். விரல் விழுந்தது. நடுவில் மாப்பிள்ளை மாலையைச் சரிசெய்கிறதும், தோழிப் பெண் கண்ணைத் துடைக்கிறதும் வடிவாக வந்திருந்தன. அவற்றை மட்டும் எடுத்து வேறு இடங்களில் சொருகினேன். ஏன் தோழி கண்ணைத் துடைக்கிறாள் என்று யோசிக்கவில்லை. கலியாண வீட்டில் யாராவது எப்போதும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் படத்தைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று போன் பண்ணினார்கள். வீட்டார் சரி என்று சொன்னால் நான் ஒரு கட்டளை கொடுப்பேன். படத்தில் பாவித்த துண்டுகளை மட்டும் புரோகிராம் ஒரு பெட்டியில் போட்டு வைத்துக்கொள்ளும், மிச்சம் அத்தனையையும் அழித்துவிடும். ஹார்ட் டிஸ்க்கில் இடம் வேண்டுமே. ஒவ்வொரு துண்டின் முன்னுக்கும் பின்னுக்கும் இரண்டு செக்கன் மாத்திரம் கூட விட்டுவைக்கும். அதை நாங்கள் வால் என்போம். கணவரும் கமராவில் இருந்ததை அழித்துவிட்டு அடுத்த கலியாணத்துக்குப் போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பின்னேரம் அந்தப் பெண் ஒஸ்ரேலியாவிலிருந்து வாட்ஸ்அப்பில் எடுத்தாள். விசா கிடைத்துப் போய்ச்சேர்ந்து, அப்போதுதான் படத்தை முழுதாக இருந்து பார்த்திருக்கிறாள்.

"அக்கா, படத்தில அம்மா எங்க?"

"ஏன், சாப்பாட்டுப் பந்தியில நிக்கிறா தானே" என்றேன்.

"அதில்லை அக்கா. மணவறையில. நான் கூப்பிட்டு அம்மா வந்து அறுகரிசி போட்டவ. அது ஒண்டும் இல்லை."

 என் வாய் தன் பாட்டில் பேசியது. "ஐயோ தங்கச்சி, எங்கட புரோகிராம் பழசு. நடுவில நிண்டு நிண்டு போறது. அதில போயிட்டுது போல."

"புரோகிராம் நிண்டா அம்மா மட்டுமோ அக்கா போவா?" என்று கேட்டாள்.

 அவளே தொடர்ந்து சொன்னாள். ஊரில் அவளுடைய தாயைப் பற்றி ஒரு கதை அடிபடுகிறதாம். புருசன் இல்லாதவள், மகளின் மணவறையில் தானாக ஏறிப் போய் அறுகரிசி போட்டாளாம், ஆசை அடக்க ஏலாமல். கதையைத் தொடக்கியவர் தகப்பனின் தங்கச்சி, அவளுடைய மாமி. அவர் மண்டபத்தில் பின்னுக்கு இருந்தவர், பெண் கூப்பிட்டதைக் கேட்கவில்லை. தாய் கடையைத் திறப்பதைக் குறைத்துவிட்டாராம். கோயில் பக்கமும் போகிறதில்லையாம்.

"நான் கூப்பிட்டது வீடியோவில இருக்கும், அதைக் காட்டினா எல்லாரும் வாயை மூடுவினம் எண்டு அம்மாக்குச் சொன்னனான் அக்கா. மாப்பிள்ளை வீட்டார் வெட்டச் சொன்னவையோ? சொன்னா நான் கோவிக்கமாட்டன். உண்மையைச் சொல்லுங்கோ."

கோபிக்கமாட்டேன் என்று சொன்ன குரலிலேயே கோபம் இருந்தது. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் நான் தப்பிவிடலாம். ஒரு கணம் அந்த நினைப்பு எனக்கு வந்தது, மறைக்கவில்லை. தேடிப் பார்த்துவிட்டு எடுக்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

கணவரிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அதுதானே அண்டைக்கு நல்லா வந்தது எண்டு சொன்னனான். தாய்க்காரி தூணுக்குப் பின்னால நிண்டு வரமாட்டன் எண்டு தலையாட்டினவ. பிள்ளை மூண்டு தரம் கூப்பிட்டவள். நீங்கள் வராட்டி நான் எழும்பமாட்டன் எண்டவள். மேளகாரரே நிப்பாட்டிப்போட்டுப் பாத்தவை. நீர் அதைப் பாக்கேல்லையோ?"

"நீங்கள் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"ரெண்டு கண்ணும் வைச்சுக்கொண்டு பாக்கிற ஆளுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?"

அன்றைக்கு இருவரும் நன்றாகச் சண்டை பிடித்தோம். முடித்த படத்தை நீங்கள் ஒருநாளாவது இருந்து பார்த்திருக்கிறீர்களா என்று நான் கத்தினேன். அவர் பார்த்ததில்லை என்பது உண்மைதான். ஆனால் வெட்டியது அவர் இல்லை என்பதும் உண்மை. கத்தி முடிந்து குசினியில் போய் நின்று அழுதேன். அந்தத் தாய்க்காகவா, பிடிபட்டுப் போனேன் என்பதற்காகவா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் புரோகிராம் துண்டுகளைக் கட்டிவைத்த பெட்டியைத் திறக்கப் பார்த்தேன். பழைய புரோகிராம் உண்மையாகவே நின்றுபோனது. பெண்ணிடம் சொன்ன பொய்க்குத் தண்டனை என்று நினைத்தேன். மூன்று தரம் முயன்றுவிட்டு, சீனன்குடாவில் பகலில் ஒரு வேலையும் ஓய்வில் வீடியோவும் செய்கிற ஒரு அண்ணனுக்குப் போன் பண்ணினேன். இரண்டு வருடமாக என்னைப் புதிய புரோகிராமுக்கு மாறச் சொல்லிக் கரைச்சல் கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர்.

லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இப்பவாவது புத்தி வந்துதே தங்கச்சி. இதில நிறம் பாருங்கோ, தோலின்ர நிறம் அப்பிடியே இருக்கும்" என்று தொடங்கினார்.

"அண்ணை, எனக்கு நிறம் வேண்டாம். இந்தத் துண்டுகளைத் திறந்து காட்டினாப் போதும்."

திறந்தது. புரோகிராம் மாறினால் துண்டுகளின் வால் எங்கேயும் போவதில்லை, அது படத்தோடேயே இருக்கிறது. ஒவ்வொரு துண்டாக எடுத்து அதன் கடைசி இரண்டு செக்கனையும் முதல் இரண்டு செக்கனையும் பார்த்துக்கொண்டு போனேன். இந்த முறை கமராச் சத்தத்தைத் திறந்து வைத்திருந்தேன். மாப்பிள்ளை மாலையைச் சரிசெய்கிற துண்டின் வாலில் பெண்ணின் குரல் கேட்டது. "அம்மா, வாங்கோ. வராட்டி நான்" என்றது, அதோடு அறுந்தது. இன்னொன்றில் அறுகரிசி பிடித்த ஒரு கை, முழங்கைவரைக்கும். தோழியின் துண்டுக்கு முன்னால் தாயின் முதுகும், குனிந்த தலையும். அதற்குப் பின்னால் பெண் தாயின் இடுப்பைக் கட்டிப் பிடித்திருப்பது, தாயின் பாதி முகம். எல்லாம் சேர்த்து எட்டு செக்கன். வெட்டி எறிந்த நாலு நிமிசத்தில் மிஞ்சியது அவ்வளவுதான்.

அவற்றை ஒட்டினேன். புதிய புரோகிராமில் எனக்கு ஒரு விசையும் தெரியாது. வெட்டுகிற விசை என்று நினைத்துப் பழைய இடத்தில் விரலை வைத்தால் அது வேறொன்றைச் செய்தது. அண்ணன் சிரித்தார். எல்லாவற்றையும் மவுசைப் பிடித்து, மெனுவைத் திறந்து, வாசித்து, யோசித்துச் செய்ய வேண்டியிருந்தது. எட்டு செக்கனுக்கு ஒரு முழுப் பின்னேரம் போனது. மெதுவாக ஓடவிட்டு நீட்டலாமா என்று பார்த்தேன். குரல் இழுபட்டது, விட்டுவிட்டேன்.

அப்போதுதான் மாறுவதென்று தீர்மானித்தேன். அண்ணன் தன் வாய்த்திறமையால்தான் நான் மாறினேன் என்று இன்றைக்கும் சொல்லித் திரிகிறார், சொல்லட்டும். பழைய புரோகிராமில் என் விரல் என்னைக் கேட்காமல் வேலை செய்தது. புதியதில் அதற்கு ஒன்றும் தெரியாது. ஒரு ஆளை வெட்டுவதென்றால் நான் அந்த ஆளைப் பார்த்தாக வேண்டும். மூன்று நாளில் முடிகிற கலியாணம் இப்போது ஒன்பது நாள் எடுக்கிறது. விரல் இதிலும் ஒருநாள் பழகிவிடும். அதுவரைக்குமாவது என்று நினைத்துக்கொண்டேன்.

பெண்ணுக்குப் போன் பண்ணி, மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் சொல்லவில்லை, வெட்டினது நான்தான், யாரும் கேட்காமலே வெட்டினேன் என்று சொன்னேன். ஏன் என்றாள். நெற்றியைப் பார்த்து என்றேன்.  பிறகு, "அம்மாட்டப் போய்க் காட்டுங்கோ அக்கா. போனில அனுப்பினா அவ பாக்கமாட்டா. நீங்களே போங்கோ" என்று சொல்லிவிட்டு வைத்தாள். மன்னிக்கிறேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நானும் கணவரும் மோட்டார் சைக்கிளில் திரியாய்க்குப் போனோம். புல்மோட்டைக்குப் போகிற வீதியில் திரும்பி உள்ளே போனால் அந்த அம்மாவின் வீடு. கடை பூட்டியிருந்தது. எங்களைக் கண்டதும் கதிரை எடுத்துப் போட்டு, தேத்தண்ணி வைக்க எழும்பினார். வேண்டாம் என்று பிடித்து இருத்தினேன். வழி நெடுக யோசித்து வைத்திருந்த சொற்கள் ஒன்றும் வரவில்லை. "அம்மா, படத்தில உங்களை வெட்டினது நான். ஒருத்தரும் சொல்லேல்லை. நான்தான்" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. "நான் இல்லாதது நல்லதெண்டுதான் பிள்ளை நினைச்சனான்" என்றார். எனக்குத் திட்டு வாங்குவது அதைவிடச் சுகமாக இருந்திருக்கும்.

அண்ணனிடம் இரவல் வாங்கிய லப்டொப்பை மடியில் வைத்து ஓடவிட்டேன். "அம்மா, வாங்கோ. வராட்டி நான்" என்று மகளின் குரல் வந்து அறுந்தது. அந்த அம்மா திரையைப் பார்க்காமல், "எழும்பமாட்டன் எண்டவள்" என்று மெல்லச் சொல்லி முடித்தார். பிறகு கையும், முதுகும், பாதி முகமும் போயின. திரும்பப் போடச் சொன்னார். மூன்றாம் தரம் முடிந்ததும் எழும்பி வேலிக்கு அருகே போய், "மச்சாள், இஞ்சால ஒருக்கா வாங்கோ" என்று சத்தமாகக் கூப்பிட்டார்.

அடுத்த வளவிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு ஒரு பெண்மணி வந்தார். பெரிய குங்குமப் பொட்டு. கதையைத் தொடக்கிய அந்த மாமி இவர்தான் என்று எனக்கு விளங்கியது. அவரை என் பக்கத்தில் இருத்தி, ஓடவிடச் சொன்னார் அந்த அம்மா. ஓடவிட்டேன். மாமி முடிவுவரைக்கும் பார்த்தார்.

"இவ்வளவுதானோ இருக்கு?" என்று என்னைக் கேட்டார்.

"மிச்சமும் இருந்தது" என்றார் என் கணவர். "நான் நிண்டு எடுத்தனான். மூண்டு தரம் கூப்பிட்டபிறகுதான் இவ போனவ."

"மிச்சத்தை நான்தான் வெட்டிப்போட்டன்" என்றேன்.

"அதேன் பிள்ளை வெட்டினனீங்கள்?" என்று மாமி கேட்டார். உண்மையிலேயே தெரியாமல் கேட்கிற ஆளின் முகம்.

 அந்த அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார், நெற்றியையும் சேர்த்து.

"என்ர நெத்தியைப் பாத்திருக்கிறா மச்சாள்" என்றார். "நீங்களும் அண்டைக்கு அதைத்தானே பாத்தனீங்கள்."

 அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"இன்னொருக்காப் போடுங்கோ பிள்ளை. சத்தத்தைக் கூட்டி விடுங்கோ."